படிப்பு ஏறாத பிள்ளையின் மனதில் ஏறுவது

"படிப்பு ஏறலைங்க டீச்சர்."

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாட்களில் இந்த வரியைக் கேட்காமல் நான் வீடு திரும்பியதே இல்லை. அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, விட்டுவிட்டு, கொழுந்துக் கூடையை ஒருபக்கம் வைத்துவிட்டு வந்திருக்கும் அம்மா சொல்வார். கொழும்பில் கடையில் நின்று லீவில் வந்த அப்பா சொல்வார். அம்மா வெளிநாட்டில் என்றால் பாட்டி சொல்வார். சொல்லும்போது அந்தப் பிள்ளை பக்கத்திலேயேதான் நிற்கும். அதன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் பல வருடங்கள் பார்க்கவில்லை.

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலைகளில் இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. ஆனால் 11 வயதிலிருந்து 14 வயதுவரையான பிள்ளைகளோடு அன்றாடம் பழகுகிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கவனம் ஓரிடத்தில் நிற்காதது, தன்னைப் பற்றியே மோசமாக யோசிப்பது, மனம் சோர்ந்துபோவது ஆகிய மூன்றையும் நாம் மூன்று வெவ்வேறு காரியங்களாகப் பார்க்கிறோம். முதலாவதற்குச் சேட்டை என்று பெயர் வைக்கிறோம். மூன்றாவதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடுகிறோம். நடுவில் இருக்கும் இரண்டாவது நம் கண்ணிலேயே படுவதில்லை. ஆனால் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் பிள்ளை போய்ச் சேரும் பாதை அந்த நடுவில்தான் இருக்கிறது.

முதலில் கவனத்தைப் பார்ப்போம். எட்டாம் ஆண்டில் என்னிடம் படித்த ஒரு பையன். வீட்டில் அவனைக் கடைக்கு அனுப்புவார்கள்: சீனி அரைக் கிலோ, சவர்க்காரம் ஒன்று, பெனடோல் ஒரு கார்ட். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, கடைக்கு இறக்கம், பத்து நிமிட நடை. முக்கால் மணித்தியாலம் கழித்துச் சீனியோடும் மீதிக் காசோடும், வழியில் கிடந்த உடைந்த குடைக்கம்பி ஒன்றோடும் வருவான். சவர்க்காரம் எங்கே என்றால் உண்மையாகவே திகைப்பான். அவன் பொய் சொல்லவில்லை. கடை வாசலுக்குப் போகும்போதே அந்த இரண்டு சாமான்களும் அவன் தலையிலிருந்து நழுவிவிட்டன.

வகுப்பிலும் அதே கதைதான். கரும்பலகையைப் பார்ப்பான், கொப்பிக்குக் குனிவான், குனிவதற்குள் வரியின் பின்பாதி போய்விடும். மறுபடி நிமிர்வான். அவனுடைய விஞ்ஞானக் கொப்பியில் ஆறு பக்கங்கள் தொடங்கியிருந்தன, ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. ஒரு விடயத்தைச் சில விநாடி மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்யும் இந்தத் திறனைச் செயல்நினைவு என்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அதன் பிடி தளர்வாக இருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பதுதான் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு. ஏ.டி.எச்.டி. என்று கிளினிக்கில் சொல்வது இதைத்தான். உலக அளவில் சிறுவர்களில் ஏறத்தாழ 5 வீதத்தினருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் இரண்டு பேர். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், வீடு பாடசாலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். என் வகுப்பில் மட்டும் ஒரு பிள்ளை குழப்படி செய்தால் கோளாறு என் வகுப்பிலும் இருக்கலாம்.

இது பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. கிட்டத்தட்ட உயரம் வருவதைப் போல என்று சொல்லலாம். அதனால்தான் பல அப்பாமார் "நானும் சின்னதில இப்படித்தாங்க டீச்சர்" என்று சிரிப்பார்கள். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பிள்ளைகளின் மூளையை வருடக்கணக்கில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் மேற்பரப்பு அதன் உச்சத் தடிப்பை எட்டுவது மற்றப் பிள்ளைகளில் ஏழரை வயதளவில், இந்தப் பிள்ளைகளில் பத்தரை வயதளவில். வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றுதான், மூன்று வருடம் பிந்துகிறது. பதின்மூன்று வயதுப் பையனிடம் பத்து வயதுக்குரிய அடக்கம்தான் இருக்கிறது என்றால், பதின்மூன்று வயதுக்குரிய அடி அவனுக்கு என்ன செய்யும்?

ஐந்தாம் ஆண்டுவரை தெரியாமல் இருந்த சிக்கல் ஆறாம், ஏழாம் ஆண்டில் வெளியே வருவதற்கும் காரணம் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைவரை ஒரே வகுப்பாசிரியர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். அதற்குப் பிறகு பாடத்துக்கொரு ஆசிரியர், மணி அடிக்க அடிக்க ஆள் மாறும், கொப்பி மாறும். பிள்ளை தானே தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டிய வயது அது. ஒழுங்குபடுத்தும் திறன்தான் இவனுக்குப் பிந்தி வருகிறது.

பெண் பிள்ளைகளில் இது இன்னும் எளிதாகத் தவறிப்போகிறது. கதிரையை விட்டு எழுந்து ஓடமாட்டாள். பேனையை உருட்டிக்கொண்டு எங்கோ பார்ப்பாள். யாருக்கும் தொந்தரவில்லை, ஆகவே யாரும் கவனிப்பதில்லை.

சரி, கவனம் நிற்காத பிள்ளைக்கெல்லாம் இந்தக் குறைபாடு என்று எழுதிவிடலாமா? கூடாது. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அன்று மடியில் இருந்த அந்தப் பிள்ளைகள்தான் இன்று என் முன்னால் ஆறாம், ஏழாம், எட்டாம் ஆண்டுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது. காலையில் வெறும் பிளேன்டீயோடு மைல் கணக்கில் நடந்து வந்த பிள்ளைக்கு இரண்டாம் பாடத்தில் கண் சொருகும். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஆறு பேர் படுத்து, தொலைக்காட்சி பதினொரு மணிக்கு நின்றால், ஐந்து மணிக்கு எழும்பும் பிள்ளையின் தூக்கம் எத்தனை மணித்தியாலம்? காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதி வார்த்தைதான் கேட்கிறது. பார்வைக் குறைவை ஒரு கண்ணாடி தீர்த்துவைத்த கதைகள் என் கைவசம் பல.

அப்புறம் மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலைநாடெங்கும் சரிந்தது. அதற்குப் பிறகு தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதும் சில பிள்ளைகளின் கண் பாடப்புத்தகத்தை விட்டுவிடுகிறது. ஜன்னல் வழியே மேல்மலையைப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் கவனக்குறைவுதான். உண்மையில் அந்தப் பிள்ளை மிக உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது, நான் சொல்லும் பாடத்தை விட முக்கியமான ஒன்றை.

இனி நடுவில் இருப்பதற்கு வருகிறேன். எங்கள் பேச்சில் யோசனை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சிந்திப்பதும் யோசனைதான், கவலைப்படுவதும் யோசனைதான். "ஏன் யோசனையா இருக்கிற?" என்று கேட்டால் என்ன கவலை என்று அர்த்தம். "யோசிக்காதீங்க" என்றால் கவலைப்படாதீங்க. இந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெரிய உளவியல் உண்மை பொதிந்து கிடக்கிறது என்றே நினைக்கிறேன். பதினொரு, பன்னிரண்டு வயதளவில் பிள்ளைகளுக்குத் தங்கள் எண்ணத்தைப் பற்றியே எண்ணும் திறன் வருகிறது என்று ஜான் பியாஜே விளக்கினார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற உணர்வும் இந்த வயதில் கூடுகிறது. டேவிட் எல்கைண்ட் 1967இல் அதைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்றார். சிந்திக்கும் சக்தி வந்த அதே வாசல் வழியாகக் கவலையும் வருகிறது.

அமெரிக்க மனநல வைத்தியர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுள்ளவர்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டார். அவர்களின் எண்ணங்கள் மூன்று திசையில் கறுத்திருந்தன: தன்னைப் பற்றி, சுற்றியுள்ள உலகத்தைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி. 1978இல் ஏப்ரம்சன், செலிக்மன், டீஸ்டேல் ஆகிய மூவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு தோல்வி வரும்போது அதற்குக் காரணம் நான்தான், இது எப்போதும் இப்படியேதான் இருக்கும், எல்லாவற்றிலும் இப்படித்தான் என்று விளக்கம் சொல்லிக்கொள்கிறவர்கள் சோர்வில் விழும் வாய்ப்பு அதிகம்.

மேலே சொன்ன பையன் ஒருநாள் கணிதத்தில் 28 புள்ளி எடுத்தான். என்னடா ஆச்சு என்று கேட்டேன். "நான் மொக்கு டீச்சர். எனக்கு எப்பவும் இப்படித்தான். எதுவும் வராது." மூன்றே மூன்று வசனம். அதற்குள் நான்தான், எப்போதும், எல்லாவற்றிலும் என்ற அந்த மூன்றும் இருந்தன. இந்த வசனங்களை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று அன்று இரவு நெடுநேரம் நினைத்துப் பார்த்தேன். "நீ எப்பவுமே இப்படித்தான்." இது நான் சொன்னது. "உனக்கு எதுவும் வராது." இது பக்கத்து வகுப்பு ஆசிரியர் சொன்னது. "மொக்கு" வீட்டில் அவனுக்குச் செல்லப்பெயர் மாதிரியே ஆகிவிட்டிருந்தது. நாம் ஏசுகிற இலக்கணமும் சோர்வு பேசுகிற இலக்கணமும் ஒன்றேதான். கவனம் நிற்காத பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை ஏச்சு விழுகிறது என்று ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். வேறு பிள்ளைக்கு வாரத்தில் விழுவது அவனுக்குப் பத்து மணிக்குள் விழுந்துவிடும். அத்தனையும் முதலில் வெளியிலிருந்து கேட்கும். சில வருடங்களில் உள்ளிருந்தே கேட்கத் தொடங்கும்.

மலையகத்தில் இன்னொரு ஏச்சு இருக்கிறது, எனக்கு அதைக் கேட்டாலே நெஞ்சு பதறும். "படிக்காட்டி நீயும் மலைக்குத்தான் போகணும்." கொழுந்து பறிக்கப் போக வேண்டிவரும் என்று அர்த்தம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். தாய்மாரே சொல்கிறார்கள், அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் அட்டை கடித்த காலோடு தினமும் மலையேறும் தாயின் பிள்ளையிடம் ஓர் ஆசிரியர் இதைச் சொல்லும்போது இரண்டு காரியம் நடக்கிறது. தாயின் உழைப்பு ஒரு தண்டனையாகிறது. பிள்ளையின் வருங்காலம் அந்த இடத்திலேயே அடைபடுகிறது. பெக் சொன்ன மூன்றாவது திசையை நாமே இருட்டாக்கிவிடுகிறோம்.

ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அரைப்பதும் தனியாக ஆராயப்பட்ட ஒன்று. சூசன் நோலன் ஹோக்சிமா 1991இல் முன்வைத்த விளக்கத்தின்படி, "ஏன் எனக்கு இப்படி?" என்ற கேள்வியையே அசைபோட்டுக்கொண்டிருப்பது சோர்வை நீட்டிக்கிறது, ஆழமாக்குகிறது. பெண்களிடம் இந்தப் பழக்கம் கூடுதலாக இருப்பதையும் அவர் காட்டினார். எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். வயதுக்கு வரும்வரை பள்ளத்திலும் மேட்டிலும் ஓடித் திரிந்தவள் சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து காம்பராவுக்குள். விளையாட்டு நின்றது, கூட்டாளிகள் குறைந்தார்கள், சமையலும் தம்பி தங்கச்சியும் கைக்கு வந்தன. அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருந்தால் வீடே அவள் தலையில். அரைப்பதற்கு நேரமும் இருக்கிறது, அரைக்க வேண்டியதும் இருக்கிறது. அவள் வகுப்பில் ஒரே பக்கத்தை மூன்று முறை வாசிக்கிறாள். மனம் முழுக்க யோசனை நிறைந்திருக்கும்போது பாடத்துக்கு இடம் எங்கே?

இப்படியாகச் சக்கரம் திரும்பவும் கவனத்துக்கே வருகிறது. கவனச் சிதறல் மனச்சோர்வின் அறிகுறிகளிலும் ஒன்று. கவனக்குறைவுள்ள பிள்ளைக்குப் பின்னாளில் சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கும்போது எது எது என்று பிரிப்பது வைத்தியருக்கே சிரமம். எனக்கு உதவிய கேள்வி ஒன்று இருக்கிறது: எப்போதிருந்து? "பாலர் வகுப்பிலிருந்தே இப்படித்தான்" என்றால் ஒரு வழி. "போன தவணைவரை நல்லாத்தான் படிச்சா" என்றால் வேறு வழி. சோர்வுக்குத் தொடக்கம் என்று ஒன்று இருக்கும். அப்பாவின் குடி கூடிய மாதம், அம்மா விமானம் ஏறிய மாதம், யாரோ தொந்தரவு செய்யத் தொடங்கிய மாதம். அந்தத் தொடக்கத்தைத் தேடிப் போக வேண்டும்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்று காத்திருக்கக் கூடாது. எரிச்சலாக வரும், எதிர்த்துப் பேசுவதாக வரும். தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சு அடைப்பு என்று உடம்பில் வரும். கிரிக்கெட் மட்டையைத் தொடாமல் விடுவதாக வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் நீடித்தால் அது வெறும் கோபதாபம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் முதலில் கோவிலுக்குக் கூட்டிப் போவார்கள், திருநீறு போடுவார்கள், காத்துக்கருப்பு என்று கயிறு கட்டுவார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைச் சுற்றி நாலு பேர் கூடி நிற்பதில் ஓர் ஆறுதல் உண்டு. கயிறு கட்டிய கையோடு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சாகணும் போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அல்லது அப்படி ஒரு சந்தேகம் நமக்கு வந்தால், நேராகக் கேட்பதுதான் சரி. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்ட பிறகு பத்து வருடத்துக்குள் அது ஏறத்தாழப் பாதியானது. அந்த நேரத்து வேகம் கடந்துபோகும், கடக்கும்வரை நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் மிஞ்சும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929.

சிகிச்சை இருக்கிறது, பலனும் இருக்கிறது. கவனக்குறைபாட்டுக்கு நிபுணர் பார்த்துக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகள் உண்டு. சோர்வுக்கு எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. 12 முதல் 17 வயதுள்ள 439 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூஒக்சிடின் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 வீதத்தினர் தேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 வீதம். ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ இருக்கும் ஒரு தாய்க்கு வாரா வாரம் தமிழில் பேசும் உளவியலாளரைத் தேடிப் பிடிப்பது மலையேறுவதை விடக் கஷ்டம், அதையும் மறைக்க முடியாது.

அதனால் வகுப்பறையில் செய்யக்கூடியதை விடக் கூடாது என்று நினைக்கிறேன். அந்தப் பையனை முன் வாங்கில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தேன். ஒரு நேரத்தில் ஒரே வேலை. கரும்பலகையில் இருப்பதை நண்பனின் கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுத விட்டேன், நிமிர்ந்து குனியும் தூரம் குறைந்தது. சுண்ணக்கட்டி எடுத்து வர, பெல் அடிக்க அவனைத்தான் அனுப்பினேன். இவற்றை விடக் கஷ்டமாக இருந்தது என் வாயை மாற்றுவது. "எப்பவும்" என்ற சொல்லை விட்டேன். "உனக்குக் கணக்கு வராது" என்பதற்குப் பதில் "இந்தக் கணக்கில இரண்டாவது வரி பிழைச்சிருக்கு" என்று சொல்லப் பழகினேன். பிழை ஒரு வரிக்குள் அடங்கியது.

வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் கையில் ஆசிரியரின் கடிதம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இடங்களில் அறிகுறி தெரிய வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, பாடசாலையில் நடப்பது வைத்தியருக்குத் தெரிய வேறு வழியில்லை. பல கிளினிக்குகளில் வைத்தியர் சிங்களத்தில் கேட்பார், தாய் தலையாட்டுவார், தனக்கு என்ன கோளாறு என்பதை அந்தப் பிள்ளையே மொழிபெயர்த்துச் சொல்லும். அந்த நிலை வராமலிருக்கக் கடிதத்தின் மறுபக்கத்தில் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கிறேன், சிங்களம் படிப்பிக்கும் டீச்சரின் உதவியோடு.

அவனுக்காக எழுதிய முதல் கடிதத்தை "கவனமில்லாத பிள்ளை" என்று தொடங்கியிருந்தேன். அம்மாவிடம் நீட்டுவதற்கு முன் கிழித்துப்போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். ஒரு வரியை எழுத எத்தனை முறை நிமிர்கிறான், எந்தப் பாடத்தில் எத்தனை நிமிடம் உட்கார்கிறான், எந்த மாதத்திலிருந்து விளையாடப் போவதில்லை, தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்று எழுதினேன். கடைசியில் இன்னொன்றும் சேர்த்தேன்: பழுதான சுவர்க்கடிகாரத்தை அலுவலக மேசையில் பிரித்துப் போட்டு, ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்து ஓட வைத்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கடிகாரத்தையும் எழுதியிருக்கீங்களா டீச்சர்" என்றார். திரும்பவும் அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார்.